பழைய பாய்மரப் படகு வாங்கும் முன்: ஒளிந்திருக்கும் ஈரத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவில், மேரிலாந்தின் செசபீக் வளைகுடாவை ஒட்டிய ஒரு படகு யார்டில், மார்ச் மாதக் குளிரில் 30 அடிப் பாய்மரப் படகு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். 1984-ல் கட்டியது. வெளியே பளபளவென்று இருந்தது. மெழுகு போட்டுத் தேய்த்து, மரக் கைப்பிடிகளுக்குப் புது வார்னிஷ் அடித்து, உள்ளே எலுமிச்சை வாசனை ஸ்ப்ரேகூட அடித்து வைத்திருந்தார்கள். எனக்கும் அதன் மேல் மனசு விழுந்துவிட்டது. போகிற போக்கில், சோஃபாவுக்குப் பின்னால் இருந்த அலமாரிக்குள் டார்ச் அடித்து, அங்கே தெரிந்த பலகையில் ஸ்க்ரூடிரைவர் முனையை லேசாக அழுத்தினேன். அழுத்தினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, வைத்தேன். சாம்பாரில் ஊறிய வடைக்குள் ஸ்பூன் இறங்குவது போல அரை அங்குலம் இறங்கிவிட்டது. பாய்மரத்தின் ஒரு பக்கக் கம்பிகளுடைய மொத்த இழுப்பையும் தாங்க வேண்டிய பலகை அது.

அந்தப் படகை நான் வாங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து படகு பார்க்கும் வரிசையே எனக்கு மாறிவிட்டது. முதல்முறை ஃபைபர் படகு வாங்கப்போகும் ஆளுக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சொல்ல வேண்டிய விஷயங்களை இங்கே எழுதுகிறேன். மரப் படகும் இரும்புப் படகும் வேறு கதை, அவற்றை இதில் தொடவில்லை.

முதலில், தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

படகு என்றாலே கடல் தண்ணீர் கீழிருந்து ஏறிவிடும் என்றுதான் பயப்படுகிறோம். பழைய ஃபைபர் படகைப் பெரும்பாலும் கெடுப்பது மேலிருந்து இறங்கும் மழைத் தண்ணீர்.

காரணம், நாம் நடக்கும் மேல்தளமான டெக் கட்டப்பட்டிருக்கும் விதம். ஃபைபர் தகட்டை மட்டும் வைத்து டெக் போட்டால் நடக்கும்போது வளையும். வளையாமல் இருக்கத் தடிமனாகப் போட்டால் எடை ஏறும். அதனால் மேலே ஒரு மெல்லிய ஃபைபர் தோல், கீழே இன்னொன்று, நடுவில் லேசான கட்டை என்று சாண்ட்விச் மாதிரி கட்டுவார்கள். நடுக்கட்டை பெரும்பாலும் ஈக்வடாரில் விளையும் பால்சா மரம். சில படகுகளில் ப்ளைவுட், பிற்காலத்துப் படகுகளில் ஃபோம். மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே உடலாக இருக்கும்வரை அது கல் மாதிரி இருக்கும்.

அப்புறம் அந்த டெக்கின் மேல் நூற்றுக்கணக்கான ஓட்டைகள் போடுகிறார்கள். கைப்பிடிக் கம்பி, ஓரத் தூண்கள், கயிறு கட்டும் கிளீட், பாய்க் கயிறு ஓடும் தண்டவாளம், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் என்று ஒவ்வொன்றுக்கும் நாலைந்து போல்ட். ஒவ்வொரு போல்ட்டும் நடுக்கட்டையைத் துளைத்துக்கொண்டுதான் கீழே போகிறது. ஓட்டையைச் சுற்றி, தண்ணீர் புகாமல் அடைக்கும் சீலன்ட் பூசியிருப்பார்கள்; அதற்குப் பத்து, பதினைந்து வருடம்தான் ஆயுள். அது வெடித்ததும் ஒவ்வொரு மழைக்கும் ஒரு சொட்டு இறங்கும். கட்டை ஊறும், பிறகு மக்கும், தோல் பிரிந்துகொள்ளும். மேலே இருக்கும் ஃபைபர் மட்டும் புதுசு மாதிரியே மின்னிக்கொண்டிருக்கும்.

பால்சாவை நார் மேல்நோக்கி நிற்கும்படி சின்னச் சின்னக் கட்டைகளாக வெட்டி அடுக்குவார்கள். அதனால் ஈரம் மேலிருந்து கீழே சீக்கிரம் இறங்கினாலும் பக்கவாட்டில் மெதுவாகத்தான் பரவும். ப்ளைவுட்டில் நிலைமை தலைகீழ். அதன் அடுக்குகள் வழியே ஈரம் தூரம்வரை ஓடும். ஆக, ஒரே அளவு கசிவு இருந்தாலும் எந்தக் கட்டை என்பதைப் பொறுத்துச் சேதத்தின் பரப்பு மாறும். எந்தப் படகைப் பார்க்கப் போகிறீர்களோ, அதன் டெக்கிலும் உடலிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று போகும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்புத் தண்ணீர் பிடிக்காது, நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மரக்கப்பல் கட்டியவர்கள் விலா மரங்களுக்கு நடுவே உப்பைக் கொட்டி நிரப்பினார்கள். கடலில் ஓடிய படகைவிட, மூடாமல் மழையில் பத்து வருடம் சும்மா நின்ற படகுதான் ஆபத்து.

எப்போது போவது, என்ன எடுத்துப்போவது

மழை பெய்த மறுநாள் போவது உத்தமம். உறைபனிக் காலத்தில் போகாதீர்கள். நடுக்கட்டையில் இருக்கும் தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகிவிட்டால் தட்டினாலும் கெட்டியாகத்தான் கேட்கும், ஈரமானியும் ஏமாந்துபோகும். ஜனவரியில் "சூப்பர் டெக்" என்று சான்றிதழ் வாங்கிய படகு ஏப்ரலில் அழுவதைப் பார்க்கலாம்.

நல்ல டார்ச், கூரான ஸ்க்ரூடிரைவர், பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல், மாஸ்கிங் டேப், மார்க்கர், முட்டி போட்டு உட்கார ஒரு பழைய மெத்தைத் துண்டு. இவ்வளவு போதும். படகின் மேல்பார்வைப் படம் ஒன்றைக் காகிதத்தில் வரைந்து எடுத்துப்போங்கள். சந்தேகம் வரும் இடத்தில் எல்லாம் அதில் ஒரு குறி. மாலையில் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது அந்தக் குறிகள் சொல்லும் கதை வேறாக இருக்கும்.

படி 1: மூக்கு

விற்பவர் வந்து ஜன்னலையெல்லாம் திறந்துவிடும் முன் நீங்கள் உள்ளே இறங்க வேண்டும். முடிந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டியிருந்த படகின் முதல் மூச்சில்தான் உண்மை இருக்கும். டீசல் வாடை, கழிவறை வாடை சகஜம். மழைக்காலத்துப் பரணில் கிடந்த பழைய மெத்தை மாதிரி ஒரு பூஞ்சை வாடை வந்தால் எங்கேயோ ஊறிக்கொண்டிருக்கிறது. வாசனை ஸ்ப்ரே கமகமவென்று இருந்தால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும்.

அப்புறம் மெத்தைகளைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். எல்லா அலமாரியையும் காலிசெய்யச் சொல்லுங்கள். ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து மரத்தில் கறுப்பாக இறங்கும் கோடு, திருகாணிகளைச் சுற்றித் துரு, அலமாரிக்குள் குளத்துப் படிக்கட்டில் தெரிவது போன்ற நீர்மட்டக் கோடு, இவை எல்லாம் பழைய வெள்ளத்தின் கையெழுத்து. உட்கூரை ஜிப் வைத்ததாக இருந்தால் கூச்சப்படாமல் திறந்துவிடுங்கள். டெக்கில் தெரியும் ஒவ்வொரு போல்ட்டின் கால்மாட்டையும் உள்ளிருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

படி 2: கால்

செருப்பைக் கழற்றிவிட்டு டெக் முழுவதும் மெதுவாக நடங்கள். குதிகாலை ஊன்றி, எடையை மாற்றி மாற்றி. நல்ல டெக் தரை மாதிரி இருக்கும். கெட்ட இடத்தில் கால் வைத்தால் லேசாக அமுங்கும், அல்லது அப்பளம் நொறுங்குவது போல ஒரு சின்ன முறுமுறுப்பு கேட்கும். அது ஃபைபர் தோலும் நடுக்கட்டையும் பிரிந்து உரசும் சத்தம். சில நேரம் நீங்கள் மிதிக்கும்போது பக்கத்துத் திருகு ஓட்டையிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் கொப்புளித்து வரும். அப்படி வந்தால் மேற்கொண்டு சோதனை எதற்கு, அந்த இடம் தேர்வில் தோற்றுவிட்டது.

பாய்மரத்தைச் சுற்றி, ஓரத் தூண்களின் அடியில், படகின் முன்முனையான அணியத்தில் நங்கூரம் தூக்கும் இயந்திரத்தின் கீழ், ஸ்டியரிங் நிற்கும் தளத்தில் இரண்டு தடவை நடங்கள். ஓரத் தூண்களைப் பிடித்து ஆட்டுங்கள். படகில் ஏறும் எல்லோரும் அதைப் பிடித்துத்தான் ஏறுவார்கள், அதனால் அதன் அடி சீலன்ட்தான் முதலில் வெடிக்கும்.

டெக்குக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். டெக்கில் போல்ட் போட்டு மாட்டிய பொருத்துகளைச் சுற்றிப் புதுசாக, வழிய வழிய சிலிகான் பூசியிருந்தாலும் அதே கேள்வி. கசிவை நிறுத்துவது வேறு, ஏற்கெனவே உள்ளே போன தண்ணீரை மூடிவைப்பது வேறு.

படி 3: தட்டிப் பார்ப்பது

இதற்கு நமக்குத் தனியாகப் பயிற்சியே வேண்டாம். மண்பானை வாங்கும்போது விரல் முட்டியால் சுண்டிப் பார்ப்போமே, அதே வேலைதான். நல்ல பானை கணீர் என்கும், கீறல் விட்டது பொத்தென்று வாயை மூடிக்கொள்ளும்.

பிளாஸ்டிக் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போங்கள். வேகமாக வேண்டாம். வலிக்காமல், ஒரே அளவு விசையில். நல்ல இடத்தில் சத்தம் டக் டக்கென்று கூர்மையாக வரும், சுத்தியல் துள்ளும். ஊறிய இடத்தில் சத்தம் மழுங்கிப் பொத் பொத் என்று கேட்கும், சுத்தியல் துள்ளாமல் செத்து விழும். எந்த இடத்தில் சத்தம் மாறுகிறதோ அங்கே ஒரு டேப் துண்டு ஒட்டுங்கள். டேப்களைச் சேர்த்துப் பார்த்தால் நோயின் எல்லை தெரிந்துவிடும். பெரும்பாலும் அதன் நடுவில் ஒரு பொருத்து உட்கார்ந்திருக்கும்.

சத்தம் மாறினால் உடனே ஈரம் என்று முடிவுகட்ட வேண்டாம். அடியில் குறுக்குச் சுவர் ஓடும் இடத்தில், நடுக்கட்டை முடிந்து வெறும் ஃபைபர் தொடங்கும் ஓரத்தில், கட்டும்போதே காற்று சிக்கிக்கொண்ட இடத்தில், எல்லாமே சத்தம் மாறும். இடப்பக்கம் தட்டிய அதே இடத்தை வலப்பக்கமும் தட்டுங்கள். இரண்டும் ஒரே மாதிரி கேட்டால் அநேகமாகக் கட்டுமானம். ஒரு பக்கம் மட்டும் என்றால் குறி போடுங்கள்.

படி 4: செயின்பிளேட், நான் கோட்டை விடவிருந்த இடம்

பாய்மரத்தை நிமிர்த்தி வைத்திருக்கும் எஃகுக் கம்பிகள் டெக்கின் மேல் நீட்டியிருக்கும் ஒரு ஸ்டெயின்லெஸ் பட்டையில் முடியும். அதுதான் செயின்பிளேட். 1970, 80-களில் கட்டிய பல படகுகளில் இந்தப் பட்டை டெக்கைத் துளைத்துக்கொண்டு இறங்கி, கேபினின் குறுக்குச் சுவரான ப்ளைவுட் பலகையில் போல்ட் அடித்திருக்கும். காற்று அடிக்க அடிக்கப் பட்டை அசையும், டெக்கில் அது நுழையும் இடத்தில் சீலன்ட் விட்டுப்போகும், மழை பட்டையைப் பிடித்துக்கொண்டு நேராகப் பலகைக்குள் இறங்கும். மெல்லிய வெனீர் மட்டும் மேலே அழகாக நிற்கும்.

முதலில் கண்ணால் பாருங்கள்: வெனீர் கறுத்திருக்கிறதா, உப்பியிருக்கிறதா, போல்ட் தலைகளிலிருந்து துரு ஒழுகியிருக்கிறதா. அப்புறம் யாரும் பார்க்காத பின்பக்கத்தில், கீழ் ஓரத்தில், ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். நல்ல ப்ளைவுட் உள்ளே விடாது.

பட்டையின் உலோகத்தையும் நம்பக்கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதே காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதன் மேல் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்குவதால்தான். ஈரத்தில், காற்றுப் படாத இடுக்கில் மாட்டிக்கொண்டால் அந்தப் படலம் அழிந்து உள்ளுக்குள்ளேயே அரிக்கும். டெக்கின் தடிமனுக்குள் மறைந்திருக்கும் அந்த ஒன்றரை அங்குலத்தில்தான் வெடிப்பு விடும். வெளியே தெரியும் பகுதி கண்ணாடி மாதிரி இருக்கும். முப்பது, நாற்பது வருடப் பட்டை ஒருமுறைகூடக் கழற்றப்படவில்லை என்றால், அதை மாற்றும் செலவையும் விலைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: பாய்மரத்தின் காலடியும் பில்ஜும்

டெக்கின் மேல் நிற்கும் பாய்மரமாக இருந்தால், அதன் எடையைக் கீழே கொண்டுபோக உள்ளே ஒரு தூண் இருக்கும். தூணின் அடியில் சில படகுகளில் மரக்கட்டை வைத்திருப்பார்கள். அது எப்போதும் ஈரமான பில்ஜில், அதாவது தண்ணீர் வந்து சேரும் படகின் அடிக்குழியில், உட்கார்ந்து ஊறும். தலைமாட்டில் டெக் கட்டையும் ஊறும். இரண்டில் எது மக்கினாலும் பாய்மரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இதைக் கண்டுபிடிக்க அளவுகோல் வேண்டாம். கழிவறைக் கதவைச் சாத்திப் பாருங்கள். சட்டத்தில் உரசி மாட்டிக்கொண்டால், கதவு பெரிதாகவில்லை, மேலே கூரைதான் இறங்கியிருக்கிறது. பாய்மரத்தின் காலடியில் டெக் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கிறதா என்று ஒரு நேரான பட்டையை வைத்தும் பாருங்கள்.

பில்ஜில் தண்ணீர் நின்றால் விரலில் தொட்டு நாக்கில் வைக்க வேண்டாம், டீசல் கலந்திருக்கும். எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பாய்மரம் டெக்கைத் துளைத்துக் கீலில் (படகின் அடியில் துடுப்பு போல இறங்கும் கனமான பாகம்) நிற்கும் படகென்றால் பாய்மரத்தின் உள்ளே கொஞ்சம் மழை இறங்குவது இயல்புதான். பில்ஜுக்குப் புது பெயிண்ட் அடித்திருந்தால் உங்கள் டார்ச் அங்கே கூடுதல் நேரம் நிற்கட்டும்.

கீல் போல்ட்டுகளைச் சுற்றித் துருவா, வெளியே கீலும் உடலும் சேரும் கோட்டில் கரையேற்றிச் சில நாள் கழித்தும் நீர் கசிகிறதா என்று பாருங்கள். அந்தக் கோட்டின் முன்முனையில் சிரிக்கும் வாய் மாதிரி ஒரு வெடிப்பு வருவதுண்டு. கேட்டலினா நிறுவனத்தின் படகுகளில் அது சகஜம் என்பதால் "கேட்டலினா ஸ்மைல்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பல நேரம் போல்ட்டை முறுக்கி, பட்டி பூசினால் தீரும். போல்ட்டின் அடியில் மரம் மக்கியிருந்தால் தீராது. உள்ளே பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது.

படி 6: வெளி உடல்

கரையேற்றிய உடனே பார்க்கக் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஃபைபரைப் பிடித்துவைத்திருக்கும் பாலியெஸ்டர் ரெசினுக்குள் நீர் மெதுவாகப் புகுந்து உண்டாக்கும் கொப்புளங்கள் அப்போதுதான் நன்றாகத் தெரியும். சில வாரம் காய்ந்தால் அமுங்கிவிடும். டார்ச்சை உடலோடு ஒட்டிச் சாய்த்து அடித்தால் சின்னதுகூட நிழல் விழும். குத்திப் பார்ப்பதானால் உரிமையாளரின் அனுமதியோடு, கண்ணாடி மாட்டிக்கொண்டு. உள்ளே இருக்கும் திரவம் அழுத்தத்தோடு பீய்ச்சும், காடி போலப் புளித்த வாடை அடிக்கும். நல்ல தண்ணீரில் இது அதிகம் வரும். செசபீக்கின் வடபகுதியில் சஸ்க்வஹானா ஆற்று நீர் கலந்து உப்புக் குறைவாக இருப்பதால் அங்கே கிடந்த படகுகளை இந்தக் கண்ணோடும் பாருங்கள்.

ஆனால் கொப்புளத்தைப் பார்த்து அலறுபவர்கள்தான் ஊறிய டெக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். சில்லறைக் கொப்புளங்கள் பேரத்துக்கு உதவும், படகை மூழ்கடிக்காது. உடலிலேயே பால்சா வைத்த படகென்றால் மட்டும் நிலைமை வேறு. ஜே/24 போன்ற ஜே-போட்ஸ் படகுகள், சி அண்ட் சி படகுகளில் பல, இந்த வகை. அவற்றில் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு குழாய்த் துவாரத்தைச் சுற்றியும் தட்டிப் பார்த்தே ஆக வேண்டும். துவாரத்தைச் சுற்றிப் பால்சாவைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கெட்டி ரெசின் நிரப்பியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

படி 7: சுக்கான்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சுக்கான்கள் இரண்டு ஃபைபர் ஓட்டுக்குள் ஃபோம் நிரப்பியவை. எஃகுத் தண்டு உள்ளே நுழையும் இடத்தில் தண்ணீர் போகாத பழைய சுக்கானை நான் பார்த்ததில்லை. கரையேற்றிப் பல நாள் கழித்தும் கீழ் ஓரத்தில் சொட்டினால், பழுப்புக் கறை ஒழுகினால், ஓரத் தையல் பிளந்திருந்தால் உள்ளே தண்டோடு பற்றவைத்த கம்பிகள் அரித்திருக்க வாய்ப்புண்டு. தண்டைப் பிடித்துக்கொண்டு சுக்கானின் தட்டையான இலையைத் திருப்பிப் பாருங்கள். தண்டு நிற்க, இலை மட்டும் அசைந்தால் புதுச் சுக்கான்தான் போட வேண்டும்.

படி 8: ஈரமானி

கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதலிலேயே மீட்டரைக் கையில் எடுத்தவர் அதன் முள்ளைத்தான் பார்ப்பார், படகைப் பார்க்க மாட்டார். அது காட்டும் எண் ஈரத்தின் சதவீதம் அல்ல. ஃபைபர் தோலுக்குப் பின்னால் மின்சாரத்துக்கு எளிதில் இசைந்து கொடுக்கும் ஏதோ இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அந்த ஏதோ தண்ணீராக இருக்கலாம். போல்ட் தகடாக, குடிநீர்த் தொட்டியாக, செம்பு கலந்த அடிப் பெயிண்டாக, உள்பக்கம் வேர்த்த ஈரமாகவும் இருக்கலாம். கார்பன் ஃபைபர் என்றால் முள் ஓரத்துக்கே ஓடிவிடும்.

பயன்படுத்தும் முறை: நன்றாக இருக்கிறது என்று தட்டிப் பார்த்து உறுதிசெய்த ஒரு காய்ந்த இடத்தில் அளந்து அதையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் நீங்கள் டேப் ஒட்டிய இடங்களில் அளந்து எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். சத்தமும் கெட்டு, மீட்டரும் ஏறினால் கிட்டத்தட்ட முடிவு. மீட்டர் ஏறி, சத்தம் நன்றாக இருந்தால் ஊறியிருக்கிறது, இன்னும் மக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். சத்தம் கெட்டு, மீட்டர் சும்மா இருந்தால் தோல் பிரிந்து காய்ந்த இடமாக இருக்கலாம்.

இதற்கும் மேலே ஒரே ஒரு நிச்சயமான வழி உண்டு. உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால், உள்பக்கத்திலிருந்து, மேல் தோலைத் தொடாமல், 3 மில்லிமீட்டர் துளை. வரும் தூள் வெளிர் மஞ்சளாக, உலர்ந்து உதிர்ந்தால் நிம்மதி. வடிகட்டிய காபிச் சக்கை மாதிரி கறுப்பாக, பிசுபிசுவென்று வந்தால் வாதத்துக்கே இடமில்லை. சம்மதிக்காவிட்டால், உள்ளே இருக்கும் ஒரு திருகையாவது கழற்றி அதன் மரையில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள்.

படி 9: சர்வேயர், விலை

இவ்வளவு பார்த்த பிறகும் பிடித்திருந்தால் மட்டும், படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயருக்குக் காசு செலவழியுங்கள். அமெரிக்காவில் சாம்ஸ், நாம்ஸ் என்ற இரண்டு சங்கங்களில் ஒன்றின் உறுப்பினராக இருப்பது வழக்கம். படகின் நீளத்தில் அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு வாங்குவார்கள். கரையேற்றும் கூலியும் வாங்குபவர் தலையில்தான். விற்பவரோ தரகரோ கைகாட்டும் ஆளை வைக்காதீர்கள். முன்பணம் கொடுக்கும்போது "சர்வே திருப்தியாக இருந்தால் மட்டும்" என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சர்வே நடக்கும் நாள் முழுக்கக் கூடவே இருங்கள். அறிக்கையில் எழுதாததை வாயால் சொல்வார்.

விலையில் என் கணக்கு இது. ஒரு தூண் அடியில் இரண்டு கை அகலத்துக்கு ஈரம் என்றால் வாங்கலாம், குறைத்துக் கேட்கலாம், நீங்களே ஒரு வார இறுதியில் செய்யலாம். பாய்மரத்தைச் சுற்றியோ செயின்பிளேட் பலகையிலோ என்றால், யார்டில் எழுத்தில் மதிப்பீடு வாங்காமல் பேசவே கூடாது. அன்னாபொலிஸ் பக்கம் ஒரு மணிக் கூலியே 100 டாலருக்கு மேல்; டெக் தோலை வெட்டி, கட்டையைச் சுரண்டி, புதுசு வைத்து ஒட்டுவது மணிக்கணக்கில் முடியும் வேலை இல்லை. டெக்கில் பாதிக்கு மேல் பொத் பொத் என்றால், இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். சின்னச் சின்ன ஓட்டை போட்டு, எபாக்ஸி என்ற இறுகும் பசையை ஊசியால் ஏற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு தரகர் என்னிடம் சொன்னார். ஈரமான மரத்தில் எபாக்ஸி சரியாக ஒட்டாது.

வாங்கிய பிறகு முதல் வேலை, எல்லாப் பொருத்துகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஓட்டையைப் பெரிதாக்கி, காய்ந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, கெட்டி எபாக்ஸி நிரப்பி, அதன் நடுவில் மறுபடி துளைத்து, பியூட்டைல் டேப் என்ற ரப்பர் போன்ற ஒட்டும் பட்டையை வைத்து மாட்டுவது. அதற்குப் பிறகு போல்ட் எபாக்ஸி வழியாகத்தான் போகும். சீலன்ட் வெடித்தாலும் தண்ணீர் கட்டைக்குப் போகாது. எதை முதலில் செய்வது என்று தெரிய ஒரு சுலபமான வழி: மழை வரும் இரவில் உள்பக்கம் ஒவ்வொரு போல்ட்டின் கீழும் ஒரு டிஷ்யூ காகிதத்தை டேப்பால் ஒட்டி, காகிதத்தில் எண் எழுதிவிடுங்கள்.

கடைசியாக நான் வாங்கிய படகில் அப்படி நாற்பத்தொரு காகிதம் ஒட்டினேன். காலையில் எழுந்து பார்த்தால் மூன்று நனைந்திருந்தன. அதில் இரண்டு, என் வரைபடத்தில் ஏற்கெனவே குறி போட்டிருந்த இடங்கள். மூன்றாவது, இடப்பக்க கிளீட். இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லது" என்று நானே எழுதி, அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.